சத்து மாத்திரையும் என் வாய்ச்சொல்லும்

போன வாரம் செல்வி போன் செய்தாள். தியாகதுருகத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாக இருக்கிற பெண். அவளுக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவாள். நான் லேப் வேலையிலிருந்து ரிடயர் ஆன ஆள், நேரம் இருக்கிறது என்று நினைப்பு.

"சார், ஒரு பையன் ரிப்போர்ட்ல ஈரல் கணக்கெல்லாம் எகிறிக்கினு நிக்குது. குடிக்கவே மாட்டேன்றான். மெஷின் தப்பா காட்டுதா இன்னான்னே தெரியல."

"ஜிம்முக்குப் போறானா?"

"ஆமா சார்! எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இதே பாட்டுத்தான். அன்றைக்கு எடை தூக்கச் சிமென்ட் டின், இன்றைக்கு ஏசியும் ஆளுயரக் கண்ணாடியும். மாத்திரைக்குப் பக்கத்தில் இப்போது ஊசியும் டப்பா பவுடரும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. புத்தி மட்டும் விட்ட இடத்தைவிட்டு நகரவில்லை.

"மருந்து ஏதாவது சாப்பிடறியான்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன் சார். ஒண்ணும் இல்லேன்றான்."

"அப்படிக் கேட்டா அப்படித்தான் சொல்லுவான். சத்துக்கு என்ன சாப்பிடறேன்னு கேளு."

பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள். கேட்டதும் பையன் பட்டியலே போட்டானாம். மருந்து என்பது நோய்க்கு, சத்து என்பது உடம்புக்கு. எங்கள் ஜனங்களுக்கு இரண்டும் வேறு வேறு சாதி. இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று செல்வி கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எடை தூக்குவதை நான் குறை சொல்லவில்லை. எழுபது தாண்டிய எனக்கே சர்க்கரை டாக்டர் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். நடை மட்டும் போதாதாம், தொடைக்கும் கைக்கும் பளு வேண்டுமாம். ஆறு மாதமாக இரண்டு தண்ணீர் பாட்டிலில் மணலை நிரப்பித் தூக்குகிறேன். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன். என் மனைவி சிரிக்கிறாள், சிரிக்கட்டும். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவது நின்றிருக்கிறது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. வேலை செய்கிற தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே வாங்கிக்கொள்கிறது, எலும்பும் கெட்டிப்படுகிறது. எல்லாம் மெதுவாக நடக்கிற காரியம். அந்த 'மெதுவாக'தான் நம் ஆட்களுக்கு ஆகாது.

நான் தொழில் படித்த கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷப் படிப்பு, கடலூரில் இரண்டு வருஷம் சோதனைக் குழாய் கழுவியது, பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை. அதை நடத்திய அறக்கட்டளை கலைந்து கட்டடமும் கைமாறிவிட்டது, அதனால் பெயர் வேண்டாம். லேப் என்று சொன்னது மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. உள்ளே ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு அலமாரி ரசாயனம், நான்.

அங்கே பெரிய டாக்டர் தணிகாசலம். லேபுக்குள் ஒருநாளும் வந்து உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்று ரிப்போர்ட்டை வாங்குவார், படிப்பார், இரண்டாக மடிப்பார், பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

சேர்ந்த புதிதில் ஒரு காய்ச்சல்காரனின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். பாதி ஸ்லைடுக்கு மேல் நகர்த்திப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. ரிப்போர்ட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். நான் மீதி ஸ்லைடைப் பார்த்து முடிக்கும்வரை, முக்கால் மணி நேரம், வெளியே நோயாளிகள் வரிசை நீண்டுகொண்டிருக்க, நின்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மாதம் ஒருமுறை அவருடன் கல்வராயன் மலைக்கு முகாம் போவோம். கரியாலூரில் கடுக்காய் மூட்டை சுமக்கிற ஒரு ஆளை நிறுத்தி மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். அந்த ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். மேட்டில் மூட்டையோடு ஏறி வந்து நிற்கிறார், மூச்சு வாங்கவில்லை.

"இது இருபது வருஷம் சுமந்து வந்த உடம்பு. இதுக்குக் குறுக்கு வழி இல்லை" என்றார் டாக்டர்.

அந்த ஆளோ, "அது கிடக்கட்டும் சாமி, சத்துக்கு ஒரு ஊசி போட்டு வுடுங்க" என்றார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தையே புரட்டிப் போட்டிருந்த காலம். இன்றைக்கு பஸ் ஓடுமா என்று காலையில் யாருக்கும் தெரியாது. சாலையோரப் புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடக்கும். ஆள் செத்த செய்தி வருகிற நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட ஜனங்கள் மெதுவாகப் பேசுவார்கள். கூடவே ஒரு நம்பிக்கையும் ஊர் ஊராகப் போனது. நமக்கென்று இடம் வரப்போகிறது, போலீசுக்கு ஆள் எடுப்பார்கள், பிள்ளைகளின் உடம்பு தயாராக இருக்க வேண்டும்.

போலீஸ் தேர்வில் மூச்சை இழுத்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். இந்த ஐந்து சென்டிமீட்டருக்காக எங்கள் பையன்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மார்பு விரிவது மூச்சுப் பழக்கத்தால். விடிகாலையில் ஏரிக்கரைமேல் ஓடினால் வந்துவிடும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எல்லோரும் போனது பிச்சாண்டி மாஸ்டரிடம். மூடிக்கிடந்த அரிசி மில்லின் பின்கட்டில் அவருடைய உடற்பயிற்சிக் கூடம். மாட்டுவண்டி அச்சின் இரண்டு முனையிலும் சிமென்ட் ஊற்றிய டின். மாஸ்டர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. முதுகை வளைக்காமல் தூக்கச் சொல்லிக் கொடுப்பார், பீடி பிடித்தால் காதைத் திருகுவார். ஆனால் மெட்ராசிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த இளஞ்சிவப்பு மாத்திரையையும் கையில் கொடுப்பார். அதற்குச் சத்து மாத்திரை என்று பெயர். அவரும் அப்படித்தான் நம்பினார்.

ஏழுமலை அங்கே போனவன். தியாகதுருகம் பக்கத்துக் கிராமம், இருபது வயது. அப்பா கோவிந்தன் குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை, கூட்டம் தாங்காத நேரம், ஏழுமலை ஒரு டானிக் சீசாவில் சிறுநீரோடு என் அறை வாசலில் வந்து நின்றான். டாக்டர் சீட்டு எதுவும் இல்லை.

"சார், ஒண்ணுக்கு மஞ்சளா போவுது சார். மாஸ்டர் குடுத்த சத்து மாத்திர சாப்புட்றன். அதனாலயா சார்?"

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பி காம்ப்ளெக்ஸ்தானே? அது அப்படித்தான் போகும். சத்து ஜாஸ்தியானா வெளியே வரும். பயப்படாதே, போ."

அவன் சந்தோஷமாகப் போனான். நான் சொன்னது பொய்யில்லை. பி காம்ப்ளெக்ஸ் தின்றால் சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும், அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவன் தின்றது அது இல்லை. அந்தச் சீசாவை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கியிருந்தால் போதும். சத்து மஞ்சளில் நுரை வெள்ளையாக நிற்கும், பித்தம் கலந்திருந்தால் நுரையும் மஞ்சளாக இருக்கும். ஒரு குலுக்கு. அரை நிமிஷ வேலை.

இரண்டு வாரம் கழித்துக் கோவிந்தன் அவனைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கண் இரண்டும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தன. சிறுநீர் சோதனை என்னிடம் வந்தது. அதை ஆறவைத்து மேலே கந்தகப் பொடியை இலேசாகத் தூவ வேண்டும். நல்ல சிறுநீரில் பொடி மிதக்கும், பித்த உப்பு இருந்தால் இறங்கும். ஏழுமலையுடையதில் தூவிய மறுகணமே அடிக்குப் போனது. பேரியம் குளோரைடு ஊற்றி வடிகட்டி, வடிதாளில் தங்கிய படிவின்மேல் மருந்தை ஒரு சொட்டு விட்டேன். பித்தம் இருந்தால் பச்சை காட்டும். காட்டியது வெற்றிலைப் பச்சை.

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு பையனிடம் போனார், நானும் பின்னால் போனேன். "மலைச் சரக்கா?" என்றார். மலையில் காய்ச்சி இறக்குகிற சாராயத்துக்கு அந்தப் பெயர். அப்போது இருபது வயதில் காமாலையோடு வருகிறவனிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அது.

"இல்ல சார். அங்காளம்மா சத்தியமா நான் தொட்டதே இல்ல."

சொல்லி முடிக்கவில்லை, கோவிந்தன் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். "எனுக்குத் தெரியாம குடிச்சிட்டு, அம்மா மேலயே சத்தியம் பண்றியாடா?"

கேஸ் ஷீட்டில் சாராயம் என்று ஏறியது. பையன் அழவில்லை. கையையும் காலையும் சொறிந்துகொண்டே இருந்தான், தோலில் ரத்தக் கோடு விழுகிறவரை சொறிந்தான். அவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சீசாவோடு வந்து நின்றவன் இவன்தான் என்று குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

அன்று சாயந்திரமே மாஸ்டர் கூடத்துக்குப் போனேன். "சத்து மாத்திர சார் அது! அதுக்கு இன்னா வந்துச்சு?" என்றார் மாஸ்டர். இலவசமாக எனக்கே நாலு கொடுத்தார். மாத்திரை வந்த அட்டைத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே டாக்டர் வீட்டுக்குப் போய்ப் படியில் நின்றேன். அட்டையைப் படித்ததும் அவர் முகம் மாறியது. ஆண் ஹார்மோனுக்கு மாற்றாகச் செய்த சரக்கு அது. தசையை ஊதவைக்கும். வாய்வழியே போனால் ஈரலில் பித்தத்தின் வழியை அடைக்கும். அதனால்தான் அந்த அரிப்பு, அதனால்தான் பையனுக்கு மலமும் சுண்ணாம்புபோல் வெளுத்துப் போனது.

நான் மென்று விழுங்கி மீதியையும் சொன்னேன். பையன் முன்பே சீசாவோடு வந்ததை, நான் பி காம்ப்ளெக்ஸ் என்று சொல்லி அனுப்பியதை.

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைச்சேன் சார்."

"நானும்தான்" என்றார். உடனே வார்டுக்கு நடந்தார். கேஸ் ஷீட்டில் சாராயத்தைத் தன் பேனாவாலேயே அடித்தார். "நீ குடிக்கலை. நான் தப்பா எழுதிட்டேன்" என்று பையனிடம் சொன்னார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மாத்திரையை இனி தொடவே கூடாது என்று அப்பாவிடமும் பிள்ளையிடமும் சொன்னார். இரண்டு பேரும் சரிங்க என்றார்கள். என்னுடைய தப்பை நான் கோவிந்தனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் போயிற்று. தினமும் கந்தகப் பொடியைத் தூவினேன், தினமும் இறங்கியது. பொடியே கெட்டுவிட்டதோ என்று என் சிறுநீரில் தூவிப் பார்த்தேன், மிதந்தது. கண் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. பையன் சோற்றைப் பார்த்தால் ஓங்கரித்தான், நடக்கவைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தியும் காமாலை இறங்காவிட்டால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, ஈரல் தாங்காது, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வேனில் நானும் உடன் போனேன்.

காலை பத்து மணி. தியாகதுருகம் வருவதற்கு முன்னாலேயே வேன் நின்றுவிட்டது. சாலை நடுவில் ஒரு முழுப் புளியமரம். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பையன்கள். எட்டிப் பார்த்த ஒருவன் கத்தினான்.

"டேய், நம்ம ஏழுமலடா! மாஸ்டர் வூட்டு ஏழுமல!"

எல்லாம் அதே கூடத்துப் பையன்கள். தாங்கள் வெட்டிப்போட்ட மரத்தைத் தாங்களே தூக்க முண்டினார்கள். அத்தனை புஜம், அத்தனை மார்பு, அத்தனை முக்கல். மரம் அசையவே இல்லை. பிறகு ஒருவன் கடப்பாரையும் கயிறும் தேடி ஓடினான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது.

அந்த நேரத்தில் கோவிந்தன் மகனை மதகுக் கல்லில் சாய்த்து உட்காரவைத்துத் தூக்குவாளியைத் திறந்தார். காமாலைக்குப் பத்தியம், உப்பில்லாத அரிசிக் கஞ்சி. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, எதையோ நகத்தால் நசுக்கிக் கஞ்சியில் போட்டு விரலால் கலக்கினார். வெள்ளைக் கஞ்சியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

நான் பாய்ந்தேன். "யோவ்! என்னய்யா போடறே?"

"சத்து மாத்திர சார்" என்றார். மறைக்கவே இல்லை. "தெனம் ரெண்டு போட்றன். பத்தியத்துல கெடக்கறவனுக்கு ஒடம்புல இன்னா இருக்கும்? நிறுத்துனா ஒரே மாசத்துல வத்திடுவான்னு மாஸ்டர் சொன்னாரு. எடம் வரப்போவுது சார். ஆள் எடுக்கறப்ப இவன் எலும்பும் தோலுமா போயி நின்னா?"

ஒன்பது நாள். நான் தூவிய ஒவ்வொரு பொடியும், டாக்டர் தூங்காத ஒவ்வொரு இரவும் என் கண்ணுக்குள் ஏறியது. என்ன பேசினேன் என்று முழுதும் எழுத வெட்கமாக இருக்கிறது. மாட்டைக் கட்டுகிறவன் என்றேன், மரமண்டை என்றேன். "பெத்த பிள்ளைக்கு நீயே விஷம் வெச்சியேய்யா! அத்தனை பெரிய டாக்டர் சொல்லியும் உனக்கு எங்கேய்யா போச்சு புத்தி? உன்கிட்ட இதைக் கொடுக்கலாம்னு சொன்ன மடையன் யாரு?" என்று சாலையே கேட்கக் கத்தினேன். மரத்தின்மேல் நின்ற பையன்களில் இரண்டு பேர் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

கோவிந்தன் ஒரு தடவை என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை தூக்குவாளியை வாங்கிச் சாலையில் கவிழ்த்தான்.

வேன் ஆஸ்பத்திரிக்கே திரும்பியது. காரணம் தெரிந்துவிட்டதால் இங்கேயே பார்க்கலாம் என்றார் டாக்டர். பொட்டலத்தை வாங்கி ஸ்பிரிட் விளக்கில் எரித்தேன். நாலாம் நாள் பொடி கொஞ்சம் தயங்கி இறங்கியது. மூன்றாவது வாரம் மிதந்தது. எனக்குச் சத்தம்போட்டு அழ வேண்டும்போல் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு நெருங்கிய வேலையில் ஒரு சிட்டிகைப் பொடி மிதந்ததற்காக நான் சாமி கும்பிட்டது அன்று ஒருநாள்தான்.

ஏழுமலை போலீஸ் ஆகவில்லை. அந்த வருஷத் தேர்வுக்குப் போகும் நிலையில் அவன் இல்லை, பிறகு வயது தாண்டிவிட்டது. டிராக்டர் ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான், உயிரோடு இருக்கிறான். மாஸ்டர் மாத்திரையை நிறுத்தினார். அவர் நிறுத்தினால் என்ன, வேறு ஒருவன் ஆரம்பித்தான்.

ஏழுமலையை வீட்டுக்கு அனுப்பிய நாளில் கோவிந்தன் என் அறை வாசலில் வந்து கும்பிட்டார். மகன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான், சட்டை தோளில் தொங்கியது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"கோவிந்தன், ஒண்ணு சொல்லணும். உங்க பையன் முன்னாடியே ஒருநாள் சீசாவோட என்கிட்ட வந்தான். நான்தான் ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டேன்."

"தெரியும் சார்."

"அவன் சொன்னானா?"

"அன்னிக்கே வூட்ல வந்து சொன்னான். லேப்பு சாரே சொல்லிட்டாரு, சத்து ஜாஸ்தியானா வெளிய வந்துடும், பயப்படாதன்னு. அத்தெ நம்பித்தான் சார் ஆஸ்பத்திரியிலயும் குடுத்துக்கினு இருந்தன். பெரிய டாக்டர் எல்லாத்தயும்தான் நிறுத்தச் சொல்லுவாரு. ஒண்ணுக்கப் பாக்கறவரு நீங்கதானே?"

மதகடியில் நான் கத்தியது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

"அப்புறம் ஏன்யா ரோட்டுல அத்தனை பேச்சையும் வாங்கிக்கிட்டு நின்னீங்க? நீங்கதான் சொன்னீங்கன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே?"

கோவிந்தன் மகன் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அத்தினி புள்ளைங்க நின்னுக்கினு இருந்துச்சுங்க சார். அவனுங்களும் அதே மாத்திரதான் துண்றானுங்க. நீங்க சொன்னதே தப்புன்னு நான் அங்க சொல்லிட்டா, நாளைக்கு எவன் சார் உங்ககிட்ட சீசாவ எடுத்துக்கினு வருவான்?"